கன்னாவின் கணக்கு

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் வரவு - செலவு போடத் தோன்றும். நீதிபதி எச்.ஆர். கன்னாவின் கணக்கு மட்டும் ரொம்ப நாள் எனக்குப் பிடிபடவே இல்லை.

1976. எமர்ஜென்ஸி. விசாரணையில்லாமல் உள்ளே தள்ளப்பட்டவர்கள், ‘எங்களை ஏன் பிடித்தீர்கள்?’ என்று கோர்ட்டில் கேட்கலாமா? இதுதான் சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு. ‘போலீஸ்காரர் ஒருவர் சொந்தப் பகையில் யாரையாவது கொன்றால்கூடவா பரிகாரம் இல்லை?’ என்று கேட்டார் கன்னா. எமர்ஜென்ஸி இருக்கிற வரை இல்லை என்றார் அட்டர்னி ஜெனரல். தூக்கிவாரிப் போடுகிறதில்லையா? ஆனால், நாலு நீதிபதிகள் அரசு பக்கமே தீர்ப்பு எழுதினார்கள். கன்னா மட்டும் தனியாக, ‘கூடாது’ என்று எழுதினார்.

செலவு உடனே வந்தது. 1977-ல் தலைமை நீதிபதி நாற்காலி அவரைத் தாண்டி ஜூனியருக்குப் போனது. மனுஷர் ராஜினாமா செய்துவிட்டார்.

வரவு? 1978-ன் 44-வது திருத்தம். இனி எமர்ஜென்ஸியே வந்தாலும், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காவலான 21-வது பிரிவை முடக்க முடியாது. 2017-ல் 9 நீதிபதிகள் பெஞ்ச் அந்தப் பழைய தீர்ப்பையே தப்பு என்று தள்ளியது. அதைப் பார்க்கக் கன்னா இல்லை; 2008-லேயே காலமாகிவிட்டார்.

செலவு அவர் பேரில். வரவு என் பேரில், உங்கள் பேரில். இப்படியொரு கணக்கை எங்க காலேஜில் சொல்லித் தரவே இல்லை, ஸார்!