பெண்ணுக்குக் காவல் நிற்கும் பாக்டீரியா

பச்சை மக்காச்சோளத் தட்டையை நறுக்கிக் குழியில் அமுக்கி, காற்றுப் புகாமல் மூடி ஊறுகாய்ப்புல் தயாரிக்கும் விவசாயிகளுக்கு லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவின் வேலை தெரியும். தட்டையிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது. மண் வள அட்டையில் பார்க்கிறோமே, அந்த பி.ஹெச் அளவு 4-க்குப் பக்கத்தில் இறங்கியதும் அழுக வைக்கும் கிருமிகள் அடங்கிவிடும். தீவனம் மாதக்கணக்கில் கெடாது.

இதே இனத்து பாக்டீரியாக்கள் பெண்களின் பிறப்புறுப்புப் பாதையிலும் இதே வேலையைச் செய்கின்றன. ஜெர்மனி மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் 1892-ம் ஆண்டிலேயே இதை விவரித்தார். பூப்பெய்திய பிறகு ஈஸ்ட்ரோஜன் சுரப்பால் உட்சுவரில் கிளைகோஜன் என்ற மாவுப்பொருள் சேர்கிறது. அது சிதைந்து வரும் சர்க்கரைதான் இவற்றுக்குத் தீனி. அங்கே பி.ஹெச் 3.8 முதல் 4.5 வரை இருக்கும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இந்தப் பாக்டீரியாக்களும் குறைகின்றன. மாடு வளர்ப்பவர்களுக்கு ஒரு தகவல்: பசு உள்ளிட்ட மற்ற பாலூட்டிகளிடம் இவை மிகமிகக் குறைவு. மனித இனத்துக்கே வாய்த்த காவல் இது.

இந்தக் காவலைப் பெரும்பாலும் நாமேதான் கெடுக்கிறோம். சுத்தம் என்று நினைத்து சோப்பு, கிருமிநாசினி போட்டு உள்ளே கழுவுகிறார்கள். குளியல் சோப்பின் பி.ஹெச் 9-ஐத் தாண்டும். களர் நிலத்துக்குச் சமம். நல்ல பாக்டீரியா எப்படிப் பிழைக்கும்? வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். உட்புறம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். சளிக்கும் காய்ச்சலுக்கும் கடையில் தாங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவதும் இவற்றை அழிக்கிறது.

வெள்ளைப்பட்டாலே உடம்பு உருகிப்போகிறது என்று பயப்பட வேண்டாம். துர்நாற்றமோ அரிப்போ இல்லாமல், நிறமற்றோ வெண்மையாகவோ வருவது இயல்பு. சாம்பல் கலந்த வெண்மையில் நீர்த்து, மீன் வாடை வீசினால் நல்ல பாக்டீரியா குறைந்து மற்றவை பெருகிவிட்டன என்று சந்தேகிக்கலாம். கர்ப்பிணிகளுக்கு இது குறைப்பிரசவ வாய்ப்பைக் கூட்டும். பால்வினை நோய்கள் எளிதில் தொற்றவும் வழிவிடும். தயிர்த்திரி போலக் கட்டியாக வந்து கடுமையாக அரித்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. நாற்று நட்ட ஈரத்துணியோடு நாள் முழுக்க இருப்பது பூஞ்சைக்குத் தோதானது. வேலை முடிந்ததும் மாற்றிவிட வேண்டும்.

இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. பூச்சிக்கு அடிக்கும் மருந்து பூஞ்சாண நோயைத் தீர்க்காதல்லவா? அதனால் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கேட்ட மாத்திரை நமக்குக் கேட்கும் என்று வாங்கக் கூடாது.

தயிரை உள்ளே தடவும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. தயிரில் இருப்பது வேறு வகை. அது அங்கே நிலைத்து வளராது. அங்கே நன்றாக வேலை செய்வது லாக்டோபேசில்லஸ் கிரிஸ்பேட்டஸ். அமெரிக்காவில் மருந்து கொடுத்த பிறகு இந்த வகையை உள்ளே செலுத்திப் பார்த்தார்கள். 2020-ல் வெளியான முடிவுப்படி, 12 வாரங்களுக்குள் 100-ல் 30 பேருக்குத் தொல்லை திரும்பியது. வெற்று மருந்து பெற்றவர்களில் 45 பேருக்குத் திரும்பியது. தயிரைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுங்கள், அது போதும்.

மாடு ஒருவேளை தீவனம் எடுக்காவிட்டால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடும் வீடுகளில், பெண்களின் இந்தத் தொல்லை மாதக்கணக்கில் வெளியே வராமல் கிடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காட்டலாம். அடிவயிற்று வலி, காய்ச்சல், இடையில் ரத்தக்கசிவு இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே போக வேண்டும்.