சைக்கிளில் செயின் எங்கே மாட்டியிருக்கிறது?

ஒரு தாளை எடுத்து, எதையும் பார்க்காமல் ஒரு சைக்கிள் வரைந்து பாருங்கள். பெடல் எங்கே வரும்? செயின் எந்தச் சக்கரத்தோடு சேரும்? லிவர்பூல் பல்கலைக்கழக உளவியலாளர் ரெபெக்கா லாசன் 2006இல் வெளியிட்ட ஆய்வு இந்த மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்டது. செயினை இரண்டு சக்கரங்களையும் சுற்றி மாட்டியவர்கள் பலர். அப்படி மாட்டினால் ஹேண்டில்பாரைத் திருப்பவே முடியாது. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களும் தவறு செய்தார்கள்.

இது கண்ணின் கோளாறு இல்லை. சைக்கிள் என்று தெரிந்துகொண்ட மறுகணம் மூளை அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. சாலையைக் கடக்க அந்த அளவு போதும். கதை எழுதப் போதாது. எழுத உட்காரும்போது நாம் பார்த்த மரம் வருவதில்லை, மரம் என்ற பொதுப்பெயர்தான் வருகிறது. “பெரிய ஆலமரம்”, “பழைய வீடு” என்று வரிகள் தடையில்லாமல் வந்து விழுவது அதனால்தான். பென்சிலோடு உட்கார்ந்தால் இப்படி நழுவ வழியில்லை. கிளை எந்த இடத்தில் பிரிகிறது என்று பார்க்காமல் அடுத்த கோட்டைப் போட முடியாது.

நாவலாசிரியர் விளாதிமிர் நபக்கோவுக்குச் சிறுவயதில் ரஷ்யாவில் ஓவியம் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் மிஸ்திஸ்லாவ் தபுஷின்ஸ்கி. தினமும் கண்ணில் படுகிற பொருட்களை நினைவிலிருந்தே வரைய வைப்பார்: தெருவிளக்கு, தபால்பெட்டி, வீட்டு வாசற்கதவின் வண்ணக் கண்ணாடியில் இருந்த துலிப் பூ. பல வருடம் கழித்து அமெரிக்காவில் சந்தித்தபோது, தன்னிடம் படித்தவர்களிலேயே தேறாத மாணவன் நீதான் என்று அவர் சொல்லிவிட்டார். நபக்கோவோ தன் நினைவுக் குறிப்புகளில் அந்தக் கண்டிப்பான பாடங்களுக்கு நன்றி சொல்கிறார். 1940களில் ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் நீல வண்ணத்துப்பூச்சிகளின் நுண்ணுறுப்புகளை மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து வரைந்தபோது அந்தப் பாடங்கள் கைகொடுத்தன. எழுத்துக்கும் கைகொடுத்திருக்கலாம் என்கிறார்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் நடத்தியபோது, காஃப்காவின் ‘உருமாற்றம்’ கதையில் வரும் வீட்டுக்கு நபக்கோவ் தரைப்படம் போட்டார். கிரெகோர் படுத்திருக்கும் அறைக்கு மூன்று கதவுகள். ஒரு கதவை அம்மா தட்டுகிறாள், இன்னொன்றை அப்பா. மூன்றாவது கதவுக்கு அப்பால் தங்கை. பூச்சியாகிக் கிடக்கும் மகனை மூன்று பக்கமும் குடும்பம் சூழ்ந்து நிற்கிறது. வேகமாகப் படிப்பவருக்கு இந்த முற்றுகை தெரிவதில்லை, படம் போட்டவருக்குத் தெரியும். தான் எழுதும் கதையின் வீட்டுக்கும் தெருவுக்கும் இப்படி ஒரு படம் போட்டுப் பார்க்காதவர் பெரிய உதவி ஒன்றை இழக்கிறார் என்றே சொல்வேன்.

சரி, தேறாத மாணவனுக்குப் பலன் எப்படிக் கிடைத்தது? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி வாம்ஸ், மெலிசா மீட், மைரா ஃபெர்னாண்டஸ் மூவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை கிடைக்கிறது. ‘ஆப்பிள்’ போன்ற எளிய சொற்களைக் கொடுத்து, சிலவற்றை 40 விநாடி வரையச் சொன்னார்கள். சிலவற்றை அதே நேரம் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார்கள். பிறகு கேட்டபோது, வரைந்த சொற்களே மிக அதிகம் நினைவில் இருந்தன. மனத்துக்குள் கற்பனை செய்து பார்த்ததும், முன்பே தயாராக இருந்த படத்தைப் பார்த்ததும்கூட வரைந்ததற்கு ஈடாகவில்லை. படம் நன்றாக இருந்ததா இல்லையா என்பதால் பெரிய வித்தியாசம் ஏற்படவில்லை. பொருளைப் பற்றி யோசிப்பது, கை அசைவது, உருவம் கண்ணில் படுவது ஆகிய மூன்றும் ஒன்றாகப் பதிவதுதான் காரணம் என்பது அவர்களுடைய விளக்கம்.

மற்ற கைவேலைகள் வேறு வழியில் உதவுகின்றன. சிக்கிக்கொண்ட புதிரைச் சற்று ஒதுக்கிவைத்தால் விடை தட்டுப்படுமா என்று பார்த்த 117 ஆய்வுகளை 2009இல் பிரிட்டன் உளவியலாளர்கள் இருவர் தொகுத்து ஆராய்ந்தார்கள். சொற்களைச் சார்ந்த புதிர்களில், சும்மா ஓய்வெடுப்பதைவிட மூளையை அதிகம் வாட்டாத லேசான வேலை கூடுதல் பலன் தந்தது. அத்தியாயம் நகராத நாளில் பின்னல் ஊசியையோ வண்ணத் தூரிகையையோ கையில் எடுப்பவர் நேரத்தை வீணாக்கவில்லை.

ரவீந்திரநாத் தாகூருக்கு எழுத்து மேசையை விட்டு எழுந்து போகவும் தேவைப்படவில்லை. 1924இல் அர்ஜென்டினாவில் எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போவின் விருந்தினராக இருந்தபோது அவர் கவிதை எழுதிய நோட்டைப் பார்த்து ஒகாம்போ வியந்துபோனார். அடித்த வரிகளை அடித்தபடி விடாமல், ஒன்றோடொன்று கோடிழுத்துச் சேர்த்து, பறவையாகவும் முகமாகவும் பெயரில்லாத விலங்காகவும் மாற்றியிருந்தார் தாகூர். அப்போது அவருக்கு வயது 63. 1930இல் பாரிஸில் அவருடைய ஓவியக் கண்காட்சி நடக்க ஒகாம்போ துணைநின்றார். 1941இல் மறையும்போது தாகூர் விட்டுச்சென்ற ஓவியங்கள் 2,000க்கும் மேல். 1937இல், பேத்திக்குச் சொல்லும் பாணியில் ‘ஸே’ என்ற விசித்திரக் கதை நூலை எழுதி, படங்களையும் தானே வரைந்தார். அடித்தல் திருத்தலில் பிறந்த அந்த விலங்குகளோடு பழகாமல் இருந்திருந்தால், 76 வயதில் இவ்வளவு கட்டற்ற ஓர் உரைநடை அவருக்கு வாய்த்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.