துப்பறிய விரும்பும் பிள்ளைகள்

நம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். யாருடைய பேனா காணாமற் போனாலும் உடனே பூதக்கண்ணாடியும் கையுமாகக் கிளம்பிவிடுவான். சென்ற வாரம் அவனுடைய தகப்பனார் நம்மிடம் வந்து, "ஸார், துப்பறியும் அதிகாரியாகத்தான் போவேன் என்று ஒரே பிடிவாதமாய் இருக்கிறான். எந்தக் காலேஜில் சேர்க்கலாம்?" என்று கவலையோடு கேட்டார். வேறு பல வீடுகளிலும் இக்கேள்வி எழலாமாகையால், அவருக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறோம்.

துப்பறிவதற்கென்று தனிக் காலேஜ் தேடி அலைய வேண்டாம். எந்தப் பட்டம் பெற்றவரும், ஆணாயினும் பெண்ணாயினும், தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் நடத்தும் சப்-இன்ஸ்பெக்டர் பரீட்சை எழுதலாம். எழுத்திலும் தேக வலிமையிலும் தேறினால் பயிற்சி. பிறகு போலீஸ் ஸ்டேஷன் வேலை. அங்கே அநுபவப்பட்டவர்களிலிருந்தே ஸி.பி.ஸி.ஐ.டி. போன்ற புலனாய்வுப் பிரிவுகளுக்கு ஆட்கள் போகிறார்கள். ரேகை நிபுணராக விரும்புகிறவர் விஞ்ஞானப் பட்டம் பெறுவது நலம்.

ஆனால், பட்டத்தைவிட முக்கியமான படிப்பு ஒன்று உண்டு. போலீஸ் அதிகாரியிடம் ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டால், அதை அவனுக்கு விரோதமாக நிரூபிக்கலாகாது என்று 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் விதித்தது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டமும் இவ்விதியைக் கைவிடவில்லை. ஆகவே, மிரட்டத் தெரிந்தவனுக்கு இவ்வேலையில் இடமில்லை. தேடிப் பார்த்து, கண்டதைக் கண்டபடி எழுதத் தெரிந்தவனே வேண்டும்.

1897-ல் கல்கத்தாவில் கைரேகை நிலையம் ஏற்பட்டது. அங்கே அஜீஜுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்னும் நம் நாட்டவர் இருவர், ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்காக அரும்பாடுபட்டனர். பெயர் என்னவோ மேலதிகாரி ஹென்றி துரைக்குப் போயிற்று! அடுத்த வருஷமே, ஜல்பாய்குரியில் ஒரு தேயிலைத் தோட்ட மானேஜர் கொலையுண்ட வழக்கில், பஞ்சாங்கத்தில் பதிந்திருந்த இரத்த ரேகை பழைய வேலைக்காரனுடைய கட்டைவிரல் ரேகையோடு ஒத்திருந்தது. கோர்ட்டார் அவனைத் திருட்டுக்காகத் தண்டித்தனர், கொலைக்காகத் தண்டிக்கவில்லை. ரேகை சொன்ன அளவோடு அவர்கள் நின்றுவிட்டார்கள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பையனிடம், அன்று காணாமற் போயிருந்த பேனாவைப் பற்றித் தெரிந்ததை எழுதச் சொன்னோம். ஒரு பக்கம் எழுதினான். முக்கால் பங்கு ஊகம். கடைசிப் பெஞ்சில் உட்காரும் ஏழைப் பையன் ஒருவனைத் திருடன் என்றே தீர்த்துவிட்டான். மறுநாள் பேனா அகப்பட்டது, அதன் சொந்தக்காரனுடைய வீட்டு மேஜையிலேயே!

நம் பையன் அன்று முழுவதும் பேசவில்லை. மாலையில் கடைசிப் பெஞ்சுக்குப் போய், அந்தப் பிள்ளையின் அருகில் உட்கார்ந்துகொண்டான். அவன் நல்ல அதிகாரியாக வருவான் என்று நமக்கு அப்பொழுதுதான் நம்பிக்கை பிறந்தது.