அடுக்களையிற் சிக்கனம்

மாந்தர்க்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றாம். இவற்றுள் உடையில் ஓராண்டு குறை பொறுக்கலாம். உறையுளிற் பல்லாண்டு குறை பொறுக்கலாம். உணவிலோ ஒருநாட் குறையும் உடலைத் தாக்காது விடுவதில்லை. எனினும், வரவு சுருங்கிய இல்லத்தில் முதன்முதற் கைவைக்கப்படுவது அடுக்களையிலேயாகும். வாடகையைக் குறைக்க வீட்டுக்காரர் இசையார். கல்லூரிச் சம்பளத்தைக் குறைக்க அலுவலகத்தார் இசையார். அடுப்போ வாய் பேசாது. ஆதலின், அடுக்களையிற் செய்யத்தக்க சிக்கனம் யாது, தகாத சிக்கனம் யாது என ஆராய்தல் நம் அனைவர்க்கும் பயன்றருவதாகும்.

தமிழ் பயில வந்த மாணவனுக்கு அடுப்படியில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். சொல்லாராய்ச்சியிலிருந்தே தொடங்கி அவர்கள் வாயை அடைக்கின்றேன். சிக்கென என்பதற்கு உறுதியாக, இறுக என்பது பொருள். சிக்கனம் என்னுஞ் சொல் அதனையே நினைப்பூட்டுகின்றது. ஆனால், எதனை இறுகப் பற்றுவது? பணத்தை மட்டும் இறுகப் பற்றுவது உலோபம். பொருளின் பயன் ஒரு சிறிதும் சிந்தாதபடி பற்றுவதே சிக்கனம். உலோபி வயிற்றைச் சுருக்குவான். சிக்கனமுடையோன் வீணைச் சுருக்குவான். இவ்வேறுபாட்டை யான் நூலிற் கற்றேனல்லேன், வீட்டிற் கற்றேன்.

மூன்றாண்டுகளுக்கு முன்னர், யான் மேனிலைப் பள்ளியிற் பயின்ற காலத்தில், என் தந்தையார்க்குச் சில திங்கள் வேலையில்லாது போயிற்று. அக்காலத்தும் எங்கள் தட்டுகளிற் சோறு குறைந்ததில்லை; குழம்பும் தவறாது வந்தது. எங்ஙனம் வந்தது என்று வீட்டில் ஒருவரும் வினவவில்லை. என் அன்னையார் அனைவர்க்கும் பரிமாறிய பின்னரே உண்பவர். ஒருநாட் காலை தண்ணீர்க் குடத்தோடு முற்றத்தில் மயங்கி வீழ்ந்தார். மருத்துவர் குருதியைச் சோதித்து இரத்தச்சோகை என்றார். “எல்லாரும் உண்டபின் நீங்கள் என்ன உண்கிறீர்கள், அம்மா?” என்று அவர் வினவ, அன்னையார், “இருப்பதை” என்று விடையிறுத்தார். அவ்வொரு சொல் இன்றும் என் செவியில் உள்ளது. எங்கள் வீட்டில் அதுவரை நடந்தது சிக்கனமன்று. ஒருவர் உடலினின்று நாங்கள் வாங்கியுண்ட கடன்.

இஃது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாம் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்டிருள் நூற்றுக்கு 57 பேர் இரத்தச்சோகையுடையார். தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேற்பட்டோர் அந்நிலையினரே. இதற்குக் காரணம் பலவெனினும், உண்ணும் உணவு அவற்றுள் முதன்மையானது. ஆகவே, ஒருவர் தட்டையுங் குறைக்காது செலவைக் குறைப்பது எப்படி என்பதே நம் வினா. அதனை அளவு, அடுப்பு, பொருள், மிச்சம் என நான்காகப் பகுத்துக் கூறுவேன்.

முதலாவது, அளவு. ஆற்றிற் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. எட்டு ஆழாக்குக் கொண்டது ஒரு படி. நாளொன்றுக்கு ஓர் ஆழாக்கு அரிசி மிகுதியாகச் சமைக்கப்பட்டு வீணாகுமாயின், எட்டு நாளில் ஒரு படி போகும். ஓராண்டில் 45 படிக்கு மேற் போகும். ஒரு கைப்பிடி என்று நாம் எளிதாக எண்ணுவது ஆண்டிறுதியில் மூட்டையாய் நிற்கின்றது. அன்னையார் நோயுற்றபின் யான் ஒரு குறிப்பேடு தைத்து அடுக்களைச் சுவரில் மாட்டினேன். அதில் அன்றன்று அளந்திட்ட அரிசி, மிஞ்சிய சோறு, வாங்கிய பொருள் ஆகிய மூன்றை மட்டும் எழுதினோம். இரண்டு வாரத்தில் எந்நாளில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது வெளிப்பட்டது. ஞாயிறன்று நண்பகலில் மிகுதியாகவும், திங்களன்று காலையிற் போதாமலும் சமைத்து வந்தோம் என்பதை அவ்வேடு காட்டிற்று. அறிவுரையினும் ஏடு நல்லது. அது யாரையுங் கடிந்துரையாது.

இவ்விடத்தில் நம் திருச்சபைக் குடும்பங்களில் நெடுநாளாக வழங்கிவரும் பிடியரிசி முறையை நினைவு கூர்தல் தகும். உலையிலிட அரிசியை அளந்தவுடன், அதனின்று ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலத்தில் இட்டுவைத்துப் பின்னர் ஆலயத்திற் படைப்பர். சமைத்தபின் மிஞ்சியதைச் சேர்ப்பதன்று, சமைக்குமுன் எடுத்து வைப்பது என்னும் நுட்பம் இதிலுள்ளது. சேமிப்புக்கும் இதுவே விதி. திங்களிறுதியில் மிஞ்சுவதைச் சேமிப்போம் என்பார்க்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இரண்டாவது, அடுப்பு. வீட்டு எரிவாயு உருளையில் உள்ளது 14.2 கிலோ. அதனை நீட்டிக்கும் வழி நீரின் இயல்பை அறிவதிலே அடங்கியுள்ளது. திறந்த கலத்தில் நீர் கொதிக்கத் தொடங்கியபின், தழலை எத்துணைப் பெருக்கினும் வெப்பம் 100 பாகைக்கு மேல் ஏறாது. நீர் விரைந்து ஆவியாவதே கண்ட பயன். ஆதலின், கொதி வந்தவுடன் தழலைச் சிறிதாக்கி மூடியிட்டு வைத்தால், அதே நேரத்தில் அதே சோறு குறைந்த எரிபொருளில் வேகும். மூடிய கலத்தில் ஆவியை அடக்கி அழுத்தத்தை உயர்த்தினாலோ, நீர் 120 பாகையளவும் சூடேறும். பருப்பு விரைவில் வெந்துவிடும். டெனிஸ் பாப்பன் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1679-ஆம் ஆண்டில் இலண்டனிற் செய்து காட்டிய இக்கலமே நம் வீட்டுக் குக்கரின் மூதாதையாகும்.

பருப்பையும் பயற்றையும் முன்னரே ஊறவைத்தல் மற்றொரு வழி. இரவில் ஊறிய கொண்டைக்கடலை வேகும் நேரத்தை ஊறாத கடலை வேகும் நேரத்தோடு ஒப்பிட்டுக் காண்பார்க்கு இதன் அருமை விளங்கும். பருப்பு வேகுமுன் புளியை விடலாகாது; புளிப்பு பருப்பை மென்மையாகவொட்டாது தடுக்கும். நம் பாட்டிமார் பருப்பு மசிந்தபின்னரே புளி கரைத்து விட்டதன் காரணம் இதுவே. மேலும், 1914-இலும் 1939-இலும் தொடங்கிய இரு பெரும் போர்க் காலங்களிலும் ஆங்கிலேய இல்லத்தார், கொதித்த கலத்தை வைக்கோல் நிறைந்த பெட்டியில் வைத்து மூடி, தீயின்றியே உணவை வேகவைத்தனர். நாமும் கொதிக்குஞ் சோற்றுப் பானையை முழுதும் வேகுமுன்னரே இறக்கி, தடித்த துணியாற் பொதிந்து வைத்தால், எஞ்சிய வேக்காடு தன் சூட்டிலேயே முடியும். இவற்றைக் கைக்கொண்டபின் எங்கள் வீட்டு உருளை முன்னினும் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தது.

மூன்றாவது, பொருள். விலை மிக்கதே சத்து மிக்கது என்பது பெரும் பிழை. அரிசியையே எடுத்துக்கொள்வோம். வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசிக்கு விலை மிகுதி. ஆயின், தவிட்டோடு அதன் உயிர்ச்சத்திற் பெரும்பகுதி போய்விடுகின்றது. சாவகத் தீவில் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியுண்ட கோழிகளுக்கு பெரிபெரி போன்ற நோய் வருவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் கண்டறிந்தார். அதன் பொருட்டு 1929-இல் நோபெல் பரிசு பெற்றார். நம் நீலகிரிக் குன்னூரிலும் மெக்காரிசன் என்பார் 1918-இல் இந்நோய் பற்றிய ஆராய்ச்சிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசியினுள்ளே ஊறிச் செல்வதால், பின்னர்த் தீட்டினும் அது முழுதும் அழிவதில்லை. எளியோர் உண்ணும் புழுங்கலரிசியின் பெருமை இதுவாகும். 2011-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் முதல் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் அரிசி அட்டையுடையார்க்கு விலையின்றி வழங்கப்படும் அரிசியை இழிவாகக் கருதுவோர் உளர். நன்கு பொறுக்கி, அளவாகக் கழுவி, சிறிது நேரம் ஊறவைத்துச் சமைப்பின், அதுவும் வயிற்றுக்கு இனிய உணவே. பன்முறை அலசினாலும், வடித்த கஞ்சியைக் கொட்டினாலும், சத்தும் நீரோடு போகும். வடிகஞ்சியில் மோரும் உப்புஞ் சேர்த்தருந்துவது செலவற்ற பானம்.

ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நம் முன்னோர்க்கு எல்லா ஆண்டும் சிறுதானிய ஆண்டே. நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணச்சத்து உள்ளது. அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவேயாம். கொள்ளில் நூற்றுக்கு 22 பங்கும், நிலக்கடலையில் 25 பங்கும் புரதமுண்டு. துவரம்பருப்பின் விலை ஏறியபொழுது எங்கள் வீட்டிற் கொள்ளு வந்தது. வெந்த நீர் இரசமாயிற்று. வெந்த பயறு சுண்டலாயிற்று. ஒரே தழலில் இரண்டு பதார்த்தம். வேலியில் நிற்கும் முருங்கைக்கு விலையில்லை. அதன் கீரையோடு எலுமிச்சஞ் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துண்டால், கீரையின் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். உணவோடு தேநீரருந்தினால் அது தடைப்படும். அன்னையார்க்கு மருத்துவர் கூறிய அறிவுரைகளுள் இதற்கே ஒரு காசும் செலவில்லை.

பருவமறிந்து வாங்குதலும் இதன்பாற்படும். கத்தரியும் மாங்காயும் மலிந்த காலத்தில் வாங்கி, உப்பிட்டுச் சித்திரை வெயிலில் உலர்த்தினால், நீர் வற்றியமையாற் கெடாது நிற்கும். சுண்டை, மணத்தக்காளி, மோர்மிளகாய் வற்றல்கள் மழைக்காலத்துக் கறிகாய்த் தட்டுப்பாட்டை எளிதிற் கடத்தும்.

நான்காவது, மிச்சம். பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும். வாழைத்தண்டும் பூவும் கறியாகும். முள்ளங்கியின் இலை பொரியலாகும். தர்ப்பூசணியின் வெண்பகுதி கூட்டாகும். மிஞ்சிய இட்டிலி உப்புமாவாகும். இரவில் மிஞ்சிய சோற்றை அப்பொழுதே தூய நீரிலிட்டு வைத்தால், காலையில் மோரும் சின்னவெங்காயமும் சேர்த்துண்ண நல்ல பழையசோறாகும்.

நிற்க. போலிச் சிக்கனம் சிலவற்றையும் எச்சரித்தல் கடமை. பழையசோறு மறுநாட் காலைக்கே உரியது. வெளியில் நெடுநேரங் கிடந்த சோற்றைச் சூடாக்கியுண்பது ஆகாது, சில நச்சுகள் சூட்டினாலும் அழியாவாதலின். பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுவதுந் தீது. இதனாலன்றோ இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ஆம் ஆண்டு ஜூலை முதல், பயன்பட்டுக் கெட்ட எண்ணெய்க்கு வரம்பு விதித்துள்ளது. மலிவென்று தேவையற்றதை வாங்குவதும், கடனிற் கிடைக்கிறதென்று கணக்கின்றி வாங்குவதும் இவ்வினத்தனவே. ஒரு ரூபாய் மிச்சஞ் செய்து நூறு ரூபாய் மருத்துவர்க்கு அளிப்பது எவ்விதச் செட்டு?

இவை நான்கினும் மேலான ஐந்தாவது ஒன்றுண்டு. அது பரிமாறும் முறை. இன்று எங்கள் வீட்டில் இரவுணவுக்கு அனைவரும் ஒருங்கே அமர்கின்றோம். பானை நடுவே இருக்கின்றது. அன்னையார் தட்டில் முதலிற் சோறிடுபவர் தந்தையார். முதல் நாள் அன்னையார் நாணி எழப் பார்த்தார், இப்பொழுது பழகிவிட்டது. உணவு குறைந்த நாளில் ஐவர்க்கும் ஒருபடித்தாகக் குறைகின்றது. அங்ஙனம் குறையுங்காற் குறை சிறிதாகவே தோன்றுகின்றது. குறிப்பேட்டையும் குக்கரையும் நம்பித் தொடங்கிய எங்கள் சிக்கனம், இம்முறை வந்தபின்னரே முழுமை பெற்றது.

மாணவ நண்பர்களே! விடுதியில் நாம் தட்டிலிட்டு உண்ணாது எறியுஞ் சோறு யாரோ ஒருவர் வெயிலில் நின்று விளைத்தது. நம் வீடுகளில் யாரோ ஒருவர் தம் பங்கைக் குறைத்து நமக்கு அனுப்பிய பணத்தால் வாங்கியது. அதனை வேண்டுமளவே வாங்கி, முழுதும் உண்பது நம்மாற் கூடியது. விடுமுறைக்கு வீடு செல்லும்போது ஒருநாள் அடுக்களைக்குட் சென்று, எல்லாரும் உண்டபின் பானையில் எவ்வளவு இருக்கின்றது என்று பார்மின். நம் அன்னையார் “இருப்பதை” உண்பவராயின், அன்றே நம் வீட்டுச் சிக்கனத்தைத் திருத்தத் தொடங்குதல் வேண்டும்.