பச்சிளங் குழந்தைக்கான பராமரிப்புப் பொருட்கள்

பிறந்தது முதல் 28 நாட்கள் வரை உள்ள குழந்தை பச்சிளங் குழந்தை எனப்படும். இந்த நாட்களில் குழந்தையின் தூய்மைக்கும் உடல்நலத்திற்கும் பயன்படும் துணி, படுக்கை, எண்ணெய், சோப்பு, நகவெட்டி, வெப்பமானி போன்றவை பராமரிப்புப் பொருட்கள் ஆகும். கடைகளில் இவை நூற்றுக்கணக்கில் விற்கப்பட்டாலும் உண்மையில் தேவைப்படுபவை சிலவே. தேவையற்ற சில பொருட்கள் வீண் செலவோடு நில்லாமல் தீங்கும் செய்கின்றன.

தமிழ்நாட்டின் குழந்தை நலப் பரிசுப் பெட்டகம்

என்னென்ன வாங்குவது என்பதற்குத் தமிழ்நாட்டில் கையருகே ஓர் அளவுகோல் இருக்கிறது. 2015 செப்டம்பரில் அப்போதைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகம் என்னும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் குழந்தை பெறும் தாய்மாருக்காக, ஏறத்தாழ ரூ.1,000 மதிப்பில் 16 பொருட்கள் கொண்டதாக இது அமைக்கப்பட்டது. அவை:

- குழந்தைக்கு: துண்டு, உடை, படுக்கை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், ஷாம்பு, சோப்பு, சோப்புப் பெட்டி, நகவெட்டி, கிலுகிலுப்பை, பொம்மை
- தாய்க்கு: கை கழுவும் திரவம், குளியல் சோப்பு, சௌபாக்கிய சுண்டி லேகியம்
- இவற்றை வைக்க ஒரு பை

இதைப்போன்ற பெட்டியைப் பின்லாந்து அரசு 1938 முதல் வழங்கி வருகிறது. தொடக்கத்தில் வருமானம் குறைந்த தாய்மாருக்கு மட்டும் கிடைத்த அது, 1949-இல் எல்லோருக்கும் உரியதாயிற்று. கருவுற்ற நான்கு மாதங்களுக்குள் மருத்துவப் பரிசோதனைக்குச் சென்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

தமிழ்நாட்டுப் பெட்டகத்தில் இருப்பவற்றைப் போலவே இல்லாதவற்றையும் கவனிக்க வேண்டும். அதில் பவுடர் இல்லை, கண் மை இல்லை, பால் புட்டி இல்லை, கிரைப் வாட்டர் இல்லை. இவை ஏன் வேண்டாம் என்பது கீழே விளக்கப்படுகிறது.

தேர்வின் அடிப்படை

பச்சிளங் குழந்தையின் தோல் மெல்லியது. எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு பெரியவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆகவே தோலில் பூசுவது உடலுக்குள் செல்லும் வாய்ப்பும், உடல் வெப்பம் விரைவில் இழக்கப்படும் வாய்ப்பும் கூடுதல். ஒரு பொருளை வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம்: இது தோலை உறுத்துமா? வாய்க்குள் போகுமா? மூச்சில் கலக்குமா?

துணியும் படுக்கையும்

பருத்தித் துணியே சிறந்தது. சங்கரன்கோவில் போன்ற விசைத்தறி ஊர்களில் நல்ல பருத்தித் துண்டுகள் எளிதில் கிடைக்கும். புதுத்துணியில் கஞ்சிப் பசையும் சாயமும் இருக்கும் என்பதால் துவைத்து வெயிலில் காயவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். பலமுறை துவைத்து மென்மையான பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த துணிகள் கடை நாப்கினுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. ஐந்தாம் நாளுக்குப் பின் போதிய பால் பெறும் குழந்தை ஒரு நாளில் ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் கழிக்கும். எனவே 20 துணிகளாவது கையில் இருப்பது நல்லது. டயப்பர் அணிவித்தால் மூன்று நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறையும், மலம் கழித்தால் உடனேயும் மாற்ற வேண்டும்.

சட்டையில் ஊக்கு, மணி, நீண்ட நாடா இருக்கக் கூடாது. படுக்கை சமமாகவும் சற்று உறுதியாகவும் இருக்க வேண்டும். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். பஞ்சுத் தலையணையும் தளர்ந்த போர்வையும் முகத்தை மூடி மூச்சைத் தடுக்கக்கூடும். கொசுவுக்கு வலையே போதும். கொசுவத்திச் சுருளின் புகை குழந்தையின் மூச்சுக்குழாயை உறுத்தும்.

குளியலும் எண்ணெயும்

பிறந்து 24 மணி நேரம் கழித்தே முதல் குளியல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிறக்கும்போது தோலில் உள்ள வெண்ணிறப் படலம் ஒரு பாதுகாப்பு. அதைத் தேய்த்து நீக்கத் தேவையில்லை. சாதாரண சோப்பு காரத்தன்மை உடையது. தோல் இயல்பில் மிதமான அமிலத்தன்மை கொண்டது. எனவே மணமும் நிறமும் குறைந்த, மிதமான சோப்பைச் சிறிதளவு பயன்படுத்தினால் போதும். உறையில் உற்பத்தி உரிம எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ‘மூலிகை’ என்ற சொல் மட்டும் பாதுகாப்புக்குச் சான்று ஆகாது.

உடம்பில் மெல்லத் தடவத் தேங்காய் எண்ணெய் ஏற்றது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் சென்று ஒருவகை நிமோனியாவை உண்டாக்கக்கூடும். குளித்தபின் போடும் சாம்பிராணிப் புகையும் மூச்சுக்கு ஆகாது. தலை ஈரத்தைத் துண்டால் ஒற்றி எடுப்பதே போதும்.

தொப்புள் கொடி

அறுத்த தொப்புள் கொடி பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் தானாக உலர்ந்து விழும். அதுவரை அதைத் தூய்மையாகவும் உலர்வாகவும் வைப்பதே சிகிச்சை. சாம்பல், மஞ்சள், எண்ணெய், சாணம் எதையும் வைக்கக் கூடாது. சங்கரநாராயணர் கோயில் புற்றுமண்ணைத் தோல் நோய்க்குப் பூசுவது சங்கரன்கோவில் வட்டாரத்தின் நெடுநாள் நம்பிக்கை. ஆனால் எந்த மண்ணிலும் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். ஆறாத தொப்புளில் அது பட்டால் உயிருக்கே ஆபத்து. தாய்மாருக்குத் தடுப்பூசி, மருத்துவமனைப் பிரசவம், தூய்மையான தொப்புள் பராமரிப்பு ஆகியவற்றால்தான், தாய்சேய் டெட்டனஸ் ஒழிந்த நாடாக இந்தியா 2015-இல் அறிவிக்கப்பட்டது.

வாங்க வேண்டாதவை

*பவுடர்:* இதன் நுண்துகள்கள் மூச்சோடு நுரையீரலுக்குள் செல்லும். சோளமாவுப் பவுடரும் இதற்கு விலக்கல்ல. மடிப்புகளை உலர வைத்தாலே வியர்க்குரு குறையும்.

*கண் மை:* சில மைகளில் ஈயம் உண்டு. அது வளரும் மூளையைப் பாதிக்கும். வீட்டில் செய்த மையாலும் கண்ணில் தொற்று வரலாம். திருஷ்டிப் பொட்டு வைத்தே ஆக வேண்டுமென்றால் உள்ளங்காலில் வைக்கலாம், கண்ணருகே வேண்டாம்.

*வசம்பு:* ‘பிள்ளை வளர்ப்பான்’ என்ற பெயர் இதற்கு உண்டு. ஆனால் இதிலுள்ள பீட்டா அசரோன் நச்சுத்தன்மை கொண்டது என்பதால் அமெரிக்காவில் 1968 முதல் உணவில் சேர்க்கத் தடை உள்ளது. உரைத்துக் கொடுப்பதும், குழந்தை சப்பும்படி வசம்பு வளையல் கட்டுவதும் தவிர்க்க வேண்டியவை.

*சேனையும் தேனும்:* முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே உணவு, தண்ணீரும் தேவையில்லை. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்னும் நச்சு நோய் வரலாம்.

*கிரைப் வாட்டர்:* 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் உருவாக்கியது. பழைய செய்முறையில் ஆல்கஹால் இருந்தது. இன்று அது இல்லாவிட்டாலும், பச்சிளங் குழந்தைக்கு இது தேவையில்லை. பால் குடித்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்தால் போதும்.

*பால் புட்டி:* குழந்தைகளுக்கான பால்மாவையும் புட்டியையும் விளம்பரப்படுத்துவதை இந்தியாவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கொடுக்க நேர்ந்தால் கொதிநீரில் போட்டு எடுத்த பாலாடை அல்லது சங்கு பயன்படுத்தலாம். மூலை முடுக்கு இல்லாததால் அதைக் கழுவுவது எளிது.

பொம்மையும் நகவெட்டியும்

கிலுகிலுப்பை ஒரே துண்டாக, கழன்று விழும் பாகமின்றி இருக்க வேண்டும். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், திருவிழாக் கடையில் வாங்கும்போதும் அதைப் பார்க்கலாம். நகத்தைக் குழந்தை தூங்கும்போது வெட்டுவது எளிது.

கூடுதலாக வாங்க வேண்டியவை

அரசுப் பெட்டகத்தில் இல்லாத, ஆனால் வீட்டில் இருக்க வேண்டிய பொருள் டிஜிட்டல் வெப்பமானி. அக்குளில் வைத்துப் பார்க்கையில் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியசு வரை இயல்பு. பாதரச வெப்பமானி உடைந்தால் நஞ்சு என்பதால் அதைத் தவிர்க்கலாம். காய்ச்சல் மருந்தை எடைக்கேற்ப மருத்துவர் கணக்கிட்டுத் தர வேண்டும். மூத்த குழந்தைக்கு வாங்கிய புட்டியிலிருந்து ஊற்றிக் கொடுக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் மலிவான, பயன் மிகுந்த பொருள் தாய்க்கான சோப்பு. மருத்துவர்கள் கை கழுவியதால் பிரசவக் காய்ச்சல் சாவுகள் குறைந்ததை 1847-இல் வியன்னாவில் செம்மல்வைசு காட்டினார். குழந்தையைத் தூக்க வரும் உறவினர்களும் முதலில் கை கழுவ வேண்டும்.

அபாய அறிகுறிகள்

கீழ்க்காண்பவற்றுள் ஒன்று இருந்தாலும் கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும் அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்:

- பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல்
- வெப்பம் 37.5-க்கு மேல் அல்லது 35.5-க்குக் கீழ் இருத்தல்
- வேகமான மூச்சு, நெஞ்சு உள்வாங்குதல்
- வலிப்பு
- தொப்புளைச் சுற்றிச் சிவத்தல், சீழ் வடிதல்
- பிறந்த 24 மணி நேரத்திற்குள் மஞ்சள் நிறம், அல்லது உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுதல்

ஒரு பொருளை வாங்கலாமா என்ற ஐயம் எழுந்தால், தடுப்பூசி போடச் செல்லும் நாளில் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.