“அது உங்க பூங்குழலி, அக்கா!”

‘பொன்னியின் செல்வன்’ பாத்திரங்களை வைத்துச் சிநேகிதி எழுதி அனுப்பிய கதையின் இரண்டாம் பக்கத்திலேயே எனக்குத் தும்மல் வந்துவிட்டது. கோடிக்கரையில் பூங்குழலியின் அண்ணி மீன் குழம்புக்கு மிளகாய் வற்றல் வறுத்துக்கொண்டிருந்தாள். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498-இல். போர்த்துக்கீசியர் புண்ணியத்தில் மிளகாய் நம் அடுப்படிக்கு வந்தது அதற்கும் பிறகு. கதை நடப்பதோ உத்தம சோழர் காலத்தில். ஐந்நூறு வருஷம் முன்கூட்டியே நெடி கிளம்பிவிட்டது!

‘பொன்னியின் செல்வ’னை நீட்டி எழுதுவது புதிதல்ல. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதி முடித்த கதைக்குத் தொடர்ச்சியாக விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். இன்று அதே ஆசைக்கு ஃபேன் ஃபிக்‌ஷன் என்று பெயர். வெளியிடுவதற்கு முன் கதையை வாங்கிப் படித்துக் குற்றம் குறை சொல்கிறவர் ‘பீட்டா ரீடர்’. சம்பளமில்லாமல் நான் பார்க்கும் உத்தியோகம் அதுதான்.

மிளகாய் மாதிரிப் பிழைகளால் ஆபத்தில்லை. “மிளகாக மாற்றிவிடு” என்றால் முடிந்தது. படிக்க உட்காரும் முன் இன்னொன்றையும் கேட்டுவிடுவேன்: நாவலா, படமா? கல்கியிடம் சோழப் பட்டம் சேந்தன் அமுதனுக்கு; பூங்குழலி ராணி. மணிரத்னம் 2023-இல் எடுத்த இரண்டாம் பாகத்தில் பட்டம் மதுராந்தகனுக்கே போய்விடும். இது தெரியாமல் ‘தப்பு, தப்பு’ என்று ஓரத்தில் எழுதி ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன்.

சிநேகிதியுடையது நாவல் வழி. ராணியான பூங்குழலிக்குத் தஞ்சை அரண்மனையில் மூச்சு முட்டுகிறது. ஒருநாள் இரவு யாருக்கும் சொல்லாமல் கோடிக்கரைக்குக் கிளம்புகிறாள். நல்ல முடிச்சு. ஆனால் மூன்றாம் பக்கத்தில் அழுகிறாள், ஐந்தில் விம்முகிறாள், எட்டில் கதறுகிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. கொள்ளிவாய்ப் பிசாசுகளைத் தன் காதலர்கள் என்று வந்தியத்தேவனிடமே சொன்னவளாயிற்றே! “நம்ம பூங்குழலி இப்படி அழமாட்டா” என்று எழுதி அனுப்பினேன்.

“அது உங்க பூங்குழலி, அக்கா” என்று பதில் வந்தது.

சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது நிஜம். பிறத்தியார் கதை ஒன்றை இருவருமே உயிராக நேசிக்கும்போது வருகிற கோளாறு இது. பள்ளிக்கூட நாளிலிருந்து என் மனசுக்குள் ஒரு பூங்குழலி படகு வலித்துக்கொண்டிருக்கிறாள். நான் காவல் காத்தது அவளை. எதிரே இருந்த கதையைப் பார்க்கவே இல்லை.

மறுபடி படித்தேன், இம்முறை கையில் பேனா இல்லாமல். அழுகை தப்பில்லை, மூன்று தடவை அழுததில் மூன்றாவதற்கு மதிப்பில்லாமல் போயிற்று. அதைவிடப் பெரிய விஷயம் ஆறாம் பக்கத்தில், சேடிகளின் அரட்டைக்கு நடுவே, இரண்டே வரியில் பதுங்கியிருந்தது. துடுப்புப் பிடித்துக் காய்த்துப்போயிருந்த உள்ளங்கை அரண்மனை வாசத்தில் மெத்தென்று ஆகிவிட்டதை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொள்கிறாள். அடுத்த வரியில் யாரோ பால் கொண்டுவந்துவிடுகிறார்கள்!

முதலில் அந்த இரண்டு வரியைப் பற்றித்தான் எழுதினேன். “சூப்பர்” என்று எழுதவில்லை. அதை வைத்துக்கொண்டு எழுதுகிறவர் என்ன செய்வார்? “இந்தக் கை எனக்கு ராத்திரி தூங்கும்வரை ஞாபகத்தில் இருந்தது. இதை ஏன் ஆறாம் பக்கத்தில் வைத்தாய்?” என்று கேட்டேன். பிறகு: “எட்டாம் பக்க அழுகையை எடுத்துவிட்டால் என்ன குறையும்?” வசனத்தை நானே திருத்தி எழுதிக் கொடுக்கக் கை அரித்தது உண்மை. கொடுத்திருந்தால் அது என் கதையாகியிருக்கும்.

இந்த உத்தியோகத்தில் அடிக்கடி வருகிற இன்னொரு ரகக் கதை உண்டு. சென்னைப் பெண் ஒருத்தி கண்விழித்தால் சோழநாடு. குந்தவையை அறிவிலும் வானதியை அழகிலும் தோற்கடிப்பாள், அருண்மொழி மயங்குவார். ஸ்டார் ட்ரெக் ரசிகர்களிடையே இதே நோய் கண்டு, 1973-இல் பௌலா ஸ்மித் எழுதிய கேலிக் கதையின் நாயகிதான் மேரி சூ. அந்தப் பட்டத்தை ஒரு புதிய எழுத்தாளர் முகத்தில் வீசினால் அதோடு பேச்சு முடிந்துவிடும். “இந்தக் காட்சியில் குந்தவைக்கு மட்டும் தெரிந்தது எது?” என்று கேட்டால் அவரே நாயகியை ஒரு படி இறக்கி வைப்பார்.

மூன்று வாரம் கழித்துச் சிநேகிதியின் கதை திரும்பி வந்தது. மிளகாய் போய் மிளகு வந்திருந்தது. கதை அந்தக் கையில்தான் தொடங்கியது. இரண்டு அழுகைகள் காணோம். நான் எடுக்கச் சொன்ன எட்டாம் பக்கத்து அழுகை மட்டும் பிடிவாதமாக அங்கேயே இருந்தது. இப்போது உறுத்தவில்லை.

கடைசிப் பக்கத்தில் விடிகிறது. இரவெல்லாம் படகு வலித்தவள் உள்ளங்கையை விரித்துப் பார்க்கிறாள். கொப்புளம் போட்டிருக்கிறது. அது நான் சொன்னதில்லை.