மாத்திரையை நிறுத்தும் நாள்

எங்கள் அத்தை இளமையில் வந்த வாதக் காய்ச்சலால் இருதயம் பழுதுற்று, மைட்ரல் வால்வுக்குப் பதிலாகச் செயற்கை வால்வு பொருத்தப்பெற்றவர். அன்று முதல் நாள்தோறும் ‘வார்ஃபரின்’ மாத்திரை உட்கொண்டு வருகிறார். சென்ற ஆண்டு பித்தப்பைக் கல்லுக்காக அவருக்கு அறுவைச் சிகிச்சை செய்ய நாள் குறித்தார்கள்.

“ஏம்ப்பா, ரத்தத்தைத் தண்ணியாக்குற மாத்திரைன்னு சொல்றாங்களே, முன்னாடியே நிறுத்திட்டா நல்லதுதானே?” என்று தொலைபேசியில் கேட்டார்.

“நல்லதுதான் அத்தை” என்றேன். அறிவியல் முதுகலை படிக்கும் பிள்ளை சொன்ன பிறகு வேறு சாட்சி எதற்கு? டாக்டர் தேதி சொல்லுமுன்பே, 11 நாள் முன்னதாக நிறுத்திவிட்டார்.

நான் சொன்னது பெருந்தவறு. அது ஏன் என்று அன்பர்களுக்கு விளக்கவே இக்கட்டுரை.

முதலாவதாக, இம்மருந்து இரத்தத்தைத் தண்ணீராக்குவதே இல்லை; உறைவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. 1920-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பூஞ்சை பிடித்த ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள், கொம்பு நீக்கிய சிறு காயத்திலேயே இரத்தம் நில்லாமல் மடிந்தன. விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்பவரின் குழு அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழிவந்ததே வார்ஃபரின். 1948-இல் எலி மருந்தாக வந்தது. 1954 முதல் மனிதருக்கும் மருந்தாயிற்று.

இரத்தம் உறைய உதவும் புரதங்கள் சிலவற்றை நம் கல்லீரல் செய்கிறது. அவற்றுள் 2, 7, 9, 10 என்று எண்ணிடப்பட்ட நான்கும் முழுமைபெற வைட்டமின் ‘கே’ தேவை. ஒருமுறை பயன்பட்ட வைட்டமினை உடல் புதுப்பித்து மீண்டும் எடுத்துக்கொள்ளும். அந்தப் புதுப்பிப்பை வார்ஃபரின் தடுக்கிறது. ஆனால் ஏற்கெனவே செய்து வைத்த புரதத்தை அது தொடுவதில்லை. அது தானாகக் கரையவேண்டும். ஆகவே மருந்து முழுப்பலன் தர ஏறக்குறைய 5 நாள் ஆகும். நிறுத்திய பின்பு விலகவும் அவ்வாறே.

இதனை அளக்க ‘ஐ.என்.ஆர்.’ என்ற இரத்தப் பரிசோதனை உண்டு. மருந்துண்ணாதவர்க்கு அவ்வெண் 1 அளவில் இருக்கும். அத்தைபோன்றோர்க்கு 2.5 முதல் 3.5 வரை வைத்திருப்பர். பெரிய அறுவைக்கு 1.5-க்குக் கீழே வரவேண்டும். எனவேதான் வழக்கமாக 5 நாள் முன் நிறுத்தச் சொல்கிறார்கள். குறைவாக நிறுத்தினால் கத்தி பட்ட இடத்தில் இரத்தம் நில்லாது. அதிகமாக நிறுத்தினாலோ வால்வின்மேல் இரத்தம் கட்டி, அக்கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதம் வரலாம். அத்தையை நான் தள்ளியது இரண்டாவது பள்ளத்தில்.

நான்காம் நாள் நூலகத்தில் இதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கிற்று. உடனே தொலைபேசியில் கூப்பிட்டேன். மறுநாள் காலை பரிசோதித்ததில் எண் 1.6. அறுவைக்கோ இன்னும் ஆறு நாள்! டாக்டர் ஹெப்பாரின் ஊசி தொடங்கினார். ஹெப்பாரின் விரைவில் வேலை செய்து விரைவில் அகலும். அத்தைக்குப் போட்ட வகையை அறுவைக்கு 24 மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும். சிகிச்சை நலமாக முடிந்தது. பிறகு வார்ஃபரினை மீண்டும் தொடங்கி, அது பிடிக்கும்வரை ஊசியும் போட்டார்கள்.

இந்த ஊசிப் பாலம் எல்லோருக்கும் வேண்டியதன்று. சீரற்ற இருதயத் துடிப்புக்காக வார்ஃபரின் உண்போரிடம் நடந்த ஆய்வொன்று 2015-இல் வெளியாயிற்று. ஊசி போட்டதால் அவர்களுக்கு அடைப்பு குறையவில்லை, இரத்தப்போக்கே மிகுந்தது. பல் பிடுங்குவதற்கோ பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தவே வேண்டாம். ஆஸ்பிரின், புதிய மருந்துகள் ஆகியவற்றின் கணக்கும் வேறு வேறு.

நண்பர்களே, ஊரிலிருந்து மருந்தைப் பற்றிக் கேட்டுத் தொலைபேசி வரும். நாம் படித்தவர்கள் என்று நம்புகிறார்கள். “நிறுத்தும் நாளையும் மீண்டும் தொடங்கும் நாளையும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்” என்பதே நாம் சொல்லத்தக்க விடை. அத்தை இப்போது அதற்கென ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். என்னிடம் யோசனை கேட்பதில்லை; அதுவும் நல்லதுதான்!